கணவன் நாடி

தன்னுடைய நாடி கணவனுடைய நாடியைவிட ஓங்கி நிற்கிறது என்று வளையல் காட்டிய காலையில், நிரஞ்சனாவின் வீட்டில் யாரும் குரலை உயர்த்தவில்லை. மாமியார் சுகந்தி கல்லில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டாள். பிரணவ் தட்டைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தான்.

"கையை ஆட்டியிருப்பே கண்ணு. சித்த நேரம் அடங்கி உக்காந்துட்டு மறுபடியும் பாரு" என்றாள் சுகந்தி.

நிரஞ்சனா அடங்கி உட்கார்ந்து பார்த்தாள். வளையலின் சிறு கண்ணாடியில் இரண்டு புள்ளிகள் இருந்தன. நீலம் பிரணவ், ஆரஞ்சு அவள். ஆரஞ்சு மேலேதான் நின்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் போலிருந்தது.

"நான் பேட்மிண்டன் கோச்சுங்க அத்தை. பொழுதுக்கும் ஓடுறேன். இவரு நாற்காலியை விட்டு எந்திரிக்காம மோட்டார் பம்புக்குப் படம் வரையறாரு. வேற எப்படி இருக்கும்?"

"அதுவும் சரித்தான்" என்றாள் சுகந்தி. ஆனால் அடுத்த தோசை கருகியது. அந்தக் கல்லில் தோசை கருகி நிரஞ்சனா பார்த்ததே இல்லை.

அப்போது கோவையில் அந்த வளையல் இல்லாத வீடு குறைவு. சீன மருத்துவர்கள் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, மேலாக ஒரு முறை, அழுத்தி ஒரு முறை என்று நாடி பார்ப்பார்கள். ஒவ்வொரு விரலுக்கு அடியிலும் ஒவ்வோர் உறுப்பின் நிலை தெரியும் என்பது அவர்கள் வைத்தியத்தின் அடிப்படை. அந்த விரல்களின் வேலையை வளையல் செய்தது. கூடவே 'இலை' என்று ஒன்றும் கொடுத்தார்கள். வேப்பிலை அளவில் ஒரு மெல்லிய ஒட்டு, அதன் அடியில் முடியைவிட மெல்லிய ஊசிகள். தோலில் ஒட்டிக்கொண்டால் வளையல் சொல்கிறபடி ஊசிகள் சாயும், சுழலும், நாடியை ஏற்றும் அல்லது இறக்கும். முதுகு வலிக்கும் தலைவலிக்கும் என்றுதான் அது முதலில் கடைக்கு வந்தது. சொன்ன வேலையைச் செய்யவும் செய்தது. வம்பே அதுதான். வேலை செய்யாத பொருளாக இருந்திருந்தால் ஜனங்கள் பரணில் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

பிறகு அந்த நிறுவனம் தம்பதிகளுக்கென்று, கணவனும் கையை வைத்துத் தன் நாடியைப் பதிந்துகொள்ளும் புதிய வளையல் ஒன்றைக் கொண்டுவந்தது. சீன வைத்தியத்தில் கணவன் நாடி, மனைவி நாடி என்று இரண்டு உண்டு. மனைவி நாடி கணவன் நாடியை மிஞ்சினால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். வேறு ஊராக இருந்தால் யாராவது சிரித்திருக்கலாம். ஜாதகத்திலேயே நாடிப் பொருத்தம் பார்த்துப் பழகிய ஊரில் யாரும் சிரிக்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் பூ, பழத்தோடு வளையலும் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளைகள் வாசலில் இறங்கியதும் நாடி ஏறட்டும் என்று மாடிப்படி ஏறி இறங்கிவிட்டுக் கையை நீட்டினார்கள். பெண்களுக்கு முந்தின நாளே சோற்றைக் குறைத்தார்கள். சில மாதங்களில், 'பெண்டாட்டிக்கு நாடி கூடினால் புருஷனுக்கு ஆயுள் குறையும்' என்று அது பழமொழி போலவே ஆகிவிட்டது. உயிருக்கு ஆபத்து என்றுதான் முதலில் சொன்னார்கள். யார் உயிருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

சுகந்தியும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவள் கணவர் தண்டபாணி, பிரணவ் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். லேத் பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர், டம்ளர் கையில் இருந்தபடியே சாய்ந்துவிட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதனால், மழை பிடித்த ஒரு சாயங்காலம் பிரணவ் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "பிடிச்ச மாதிரி இருக்குது" என்று சொன்னபோது, சுகந்தி வெந்நீரும் சீரகமும் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் ஏப்பம் விட்டுத் தூங்கிப் போனான். அவள் மருமகளைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கையில் உறை பிரிக்காத ஓர் இலை இருந்தது.

"நான் உன்னையக் குத்தம் சொல்லல சாமி."

"தெரியுதுங்க அத்தை."

"நீ தைரியமா இருக்கறது எனக்குப் பிடிக்கும். உன்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவே, இந்தப் புள்ள வந்தா வீடு கலகலன்னு இருக்கும்னு சொன்னவ நான்தான். அவனைக் கேட்டுப் பாரு."

"சொல்லியிருக்காருங்க."

"கொஞ்ச நாளைக்கு. அவன் நாடி மேல வர்ற வரைக்கும். வலிக்காதுங்கறாங்க."

நிரஞ்சனா அந்த இலையை வாங்கிக்கொண்டாள். கட்டாயப்படுத்தி இருந்தால் மறுத்திருப்பாள். சுகந்தி கெஞ்சியதுதான் அவளை மடக்கியது. படுக்கையறையில் முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமாக, வளையல் காட்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டாள். எறும்பு நடப்பது போல் ஒரு கூச்சம் பாதம்வரை இறங்கியது. அவ்வளவுதான்.

காலையில் பிரணவ் அதைப் பார்த்தான். "இது எதுக்கு நிரு? எனக்கு வாயுதான்" என்றான்.

"இருக்கட்டும். அத்தை நிம்மதியா இருப்பாங்க."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

ஆரஞ்சுப் புள்ளி மெல்ல இறங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை அது நீலத்துக்குக் கீழே போனபோது சுகந்தி அடுப்பில் பால் பாயசம் ஏற்றினாள். பிரணவ் குளிக்கும்போது பாடினான். கழற்றினால் ஆரஞ்சு மறுபடி ஏறிவிடும் என்று இலை அப்படியே இருந்தது. வீடு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நிரஞ்சனாவும் சந்தோஷப்பட்டாள், உட்கார்ந்துகொண்டு.

ஏனென்றால் இப்போதெல்லாம் அவள் எதையும் உட்கார்ந்துகொண்டுதான் செய்தாள். மைதானத்தில் ஓரமாக நாற்காலி போட்டுக்கொண்டு, "பின்னால போ, பின்னால போ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சேர்ந்தாற்போல் நாலு ஷாட் அடித்தால் கண் இருட்டியது. "அக்கா, உங்க ராக்கெட்டுக்கு வயசாயிடுச்சு, ரிட்டையர் ஆகச் சொல்லுங்க" என்று ஒரு மாணவி கிண்டல் செய்தாள். முன்பென்றால் அந்தப் பெண்ணை எதிரே நிறுத்தி மூச்சு வாங்க ஓட விட்டிருப்பாள். இப்போது சிரித்து வைத்தாள். மாநிலப் போட்டிக்கு மூன்று பெண்களைத் தயார் செய்ய வேண்டிய நேரம். அகாடமி நடத்துகிறவர் அவளைத் தனியாக அழைத்து, "முடியலன்னா ஆபீஸ் வேலையைப் பாத்துக்கறீங்களா மேடம்? ஒண்ணும் தப்பில்ல" என்றார். தப்பில்லை என்று அவர் சொன்ன விதம் அவளுக்கு வலித்தது. யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

தேங்காய் துருவினாலே தோள் இழுத்துப் பிடித்தது. அந்தத் தோளைக் காட்டத்தான் ருக்சானாவிடம் போனாள்.

ருக்சானா கல்லூரி அணியில் அவளுடன் இரட்டையர் ஆடியவள். பிறகு சீனாவுக்குப் போய் டாக்டருக்குப் படித்தாள். மருத்துவத்தோடு அங்கேயே அக்குபங்சரும் கற்றுக்கொண்டு திரும்பி, உக்கடத்தில் அத்தை வீட்டு மாடியில் சிறிய கிளினிக் வைத்திருந்தாள்.

"வாடி சாம்பியன்" என்று எழுந்தவள் நின்றுவிட்டாள். "என்னடி இது, ஐஸ்ல கெடந்த மீனாட்டம் இருக்கே?"

"தோள்பட்டைடீ."

"தோளெல்லாம் அப்புறம். கையைக் குடு."

ருக்சானா இரண்டு மணிக்கட்டிலும் மாறி மாறி மூன்று விரல்களை வைத்தாள். மேலாக, பிறகு அழுத்தி.

"யாருடி உன்னைய இப்படி வடிச்சு வெச்சது?"

நிரஞ்சனா சுடிதாரை முழங்கால்வரை ஏற்றிக் காட்டினாள். ருக்சானா குனிந்து பார்த்தாள்.

"இந்த எடத்துலயா? இதுக்கு சீனத்துல பேரே 'கால் மூணு லீ'. லீன்னா அவங்க ஊரு மைல் மாதிரி. நடந்து நடந்து சுருண்டு விழுந்தவனுக்கு இங்க ஊசி வெச்சா எந்திரிச்சு இன்னும் மூணு லீ நடப்பானாம். ஆளைத் தூக்கி விடற எடம்டி. இதுல தலைகீழா வேலை பண்ணியிருக்காங்க."

"தலைகீழான்னா?"

"உடம்புல சக்தி ஓடற ஓட்டம்னு சொல்லுவாங்க, அது போற பக்கமா ஊசியைச் சாய்ச்சா சேர்க்கும். எதிர்ப்பக்கமா சாய்ச்சா வடிக்கும். எங்கயாச்சும் வீங்கி, கொதிச்சுக்கிட்டு இருந்தாத்தான் வடிப்போம். உனக்கு என்ன கொதிச்சுது?"

"நாடி."

"நாடி நல்லா இருந்தா அதுக்குப் பேரு கொதிக்கறதா?"

நிரஞ்சனா எல்லாவற்றையும் சொன்னாள். மேலே நின்ற ஆரஞ்சு, பிரணவின் நெஞ்சு, மாமனார் போன விதம், மனைவி நாடி கணவன் நாடியை மிஞ்சக் கூடாது என்பது. கேட்டுக்கொண்டிருந்த ருக்சானாவின் முகம் போன போக்கைப் பார்த்து அவளே நிறுத்திவிட்டாள்.

"அந்தக் கடைசி வரியை மறுபடி சொல்லு" என்றாள் ருக்சானா.

சொன்னாள்.

ருக்சானா சிரிக்கத் தொடங்கினாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. நிரஞ்சனாவின் இரண்டு கைகளையும் எடுத்து மேசைமேல் மல்லாக்க வைத்தாள். இடது மணிக்கட்டைத் தட்டினாள்.

"இது புருசன்." வலதைத் தட்டினாள். "இது பொண்டாட்டி. இடது கை நாடிக்குக் கணவன்னு பேரு, வலது கை நாடிக்கு மனைவின்னு பேரு. ஒரே ஆளோட ரெண்டு கை. சில வாத்தியாருங்க அப்படிச் சொல்லிக் குடுப்பாங்க. வலது ரொம்ப ஓங்கி இடது ரொம்பத் தாழ்ந்தா அந்த ஆளுக்குச் சீக்கு பலமா இருக்குன்னு அர்த்தம். உனக்குள்ளயும் ரெண்டு இருக்கு. பிரணவ் அண்ணனுக்குள்ளயும் ஒரு பொண்டாட்டி நாடி இருக்கு."

"அப்ப, வீட்ல இருக்கற புருசனுக்கும் எனக்கும்…"

"ஒரு சம்பந்தமும் இல்லடி. சீனத்துல எழுதினதை மெஷின் இங்கிலீஷாக்கியிருக்கும், இங்கிலீஷை இன்னொரு மெஷின் தமிழாக்கியிருக்கும். நம்மாளுங்க கணவன்னா வேட்டி கட்டினவரு, மனைவின்னா சேலை கட்டினவங்கன்னு எடுத்துக்கிட்டாங்க. பூசணிக்காய்க்குப் பரங்கிக்காய்னு பேரு இருக்கே. அதுக்காக ஒரு பரங்கிக்காரனைப் பிடிச்சுட்டு வந்து சாம்பார் வெப்பியா?"

நிரஞ்சனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஊரே இதைப் பேசுது. நீ ஏன் சொல்லல?"

"எங்க வீட்ல ஜாதகமும் இல்ல, வளையலும் இல்ல. ஜனங்க கணவன் நாடி, மனைவி நாடின்னு பேசினப்ப உங்க ஜோசியத்துல ஏதோ ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்." ருக்சானா தலையைக் குனிந்துகொண்டாள். "கேட்டிருக்கணும்தான்."

"அந்த இடது வலதாச்சும் நெசமா?"

"அதை எங்கிட்டக் கேக்காத. படத்துல பன்னெண்டு ஓட்டம் ஆறாட்டம் ஓடுது. உடம்பை அறுத்துப் பாத்தா ஒரு வாய்க்கால்கூடக் கிடையாது. நான் அறுத்துப் பாத்தவ. ஆனா ஊசி வெச்சா வலி கொறையுது. பொய் ஊசி வெச்சாக்கூட பாதிப் பேருக்குக் கொறையுது. அது ஏன்னு எனக்கு இன்னும் தெரியல. அந்தக் காலத்துல உடம்புக்குள்ள நடக்கறதைச் சொல்ல வார்த்தை வேணும்னு காத்து, நெருப்பு, புருசன், பொண்டாட்டின்னு பேரு வெச்சாங்க. அது வெறும் பேரு. ஆனா இந்த இலை உன் காலுல செய்யற வேலை வெறும் பேரு இல்ல. அதைக் கழட்டு முதல்ல."

நிரஞ்சனாவின் கை இலையின் ஓரம்வரை போய் நின்றது.

"கழட்டினா பிரணவுக்கு ஏதாச்சும் ஆயிருமோ?"

"இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமுமா?"

"தெரியுதுடீ. ஆனாலும் பயமா இருக்கு."

ருக்சானா குரலைத் தணித்தாள். "அண்ணனைக் கூட்டிட்டுப் போய் ஈசிஜி எடு. அவரு நெஞ்சு வலிக்கு அவரு நெஞ்சைத்தான் பாக்கணும். உன் காலைப் பாத்து என்ன பிரயோஜனம்?"

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் நிரஞ்சனா விஷயத்தை எடுத்தாள். ஈசிஜியில் ஒன்றுமில்லை என்று முந்தின நாளே தெரிந்திருந்தது. வளையலையும் இலையையும் மேசைமேல் வைத்துவிட்டு, ருக்சானா சொன்னதை அப்படியே சொன்னாள். பரங்கிக்காய்வரைக்கும்.

பிரணவ் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"அப்ப இதெல்லாம் ஒரு மொழிபெயர்ப்புக் கோளாறா?"

"ஆமா."

"இத்தனை பேரு, ஒருத்தருக்கும் தோணலையா?"

"உனக்குத் தோணலையே." மாமியார் எதிரில் அவனை 'நீ' என்று சொல்லிவிட்டதை நிரஞ்சனா கவனிக்கவில்லை. "நான் மாடிப்படி ஏற முடியாம நடுவுல நின்னப்ப நீ பின்னாலதான் நின்னே. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னேன் நிரு. முதல் நாளே கேட்டேன்."

"எதுக்குன்னு கேட்டே. வேண்டாம்னு சொல்லல."

"சொல்லியிருந்தா கழட்டியிருப்பியா?"

"மாட்டேன். ஆனா நீ சொன்னேங்கறது எனக்கு இருந்திருக்கும்."

அவன் மேசைவிரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தான். கடைசியில் சொன்னான். "எனக்குப் பிடிச்சிருந்துச்சு. நான் எதுலயும் மேல இருந்ததில்ல. ஸ்கூல்ல இல்ல, ஆபீஸ்ல இல்ல. உன்கூட நடந்தாக்கூட நான்தான் பின்னால வருவேன். அந்த நீலப் புள்ளி மேல ஏறினப்ப… அது என் புள்ளி. நீ இறங்கினதாலதான் அது மேல தெரிஞ்சுதுன்னு யோசிக்கவே எனக்கு மனசு வரல."

அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் நிரஞ்சனா வாயைத் திறந்தாள். அதற்குள் சுகந்தி கேட்டாள்.

"அப்ப, பொண்டாட்டி நாடி கூடினா புருசனுக்கு ஒண்ணும் ஆகாதுங்கறியா கண்ணு?"

"ஆகாதுங்க அத்தை."

"எப்பவுமே?"

"எப்பவுமேங்க."

"முன்னயும் ஆகியிருக்காது?"

அந்தக் கேள்வி நிரஞ்சனாவுக்குப் புரியவில்லை. "ஆகியிருக்காதுங்க" என்றாள்.

சுகந்தி தலையாட்டினாள். தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். இரண்டடி வைத்தவள் சுவரைத் தேடுவது போல் கையை நீட்டினாள். சுவர் இல்லாத பக்கம். தட்டுகள் விழுந்து சிதற, நிரஞ்சனா பாய்ந்து பிடித்தாள். முன்பெல்லாம் ஷட்டிலுக்குப் பாய்கிற மாதிரி இல்லை. ஆனாலும் பிடித்துவிட்டாள்.

தரையில் சாய்த்து உட்கார வைத்தபோது சேலை விலகியது. சுகந்தியின் முழங்காலுக்குக் கீழே ஓர் இலை. மற்ற காலிலும் ஒன்று. சுற்றியிருந்த தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

அவள் கையிலும் வளையல் உண்டு. ரத்த அழுத்தம் பார்க்க வைத்திருக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"அம்மா, இது யாருக்கு?" பிரணவ் பக்கத்தில் மண்டியிட்டான். "உங்களுக்கு எதுக்கும்மா இது?"

"வாங்கின அன்னிக்கு வளையலு கேட்டுச்சு. உங்க கணவர் பேரு என்னன்னு." சுகந்தி கண்ணை மூடிக்கொண்டுதான் பேசினாள். "தண்டபாணின்னு சொன்னேன். யாரு கேட்டாலும் அதைத்தானே சொல்லோணும். அவரு கையை வெக்கச் சொல்லுச்சு. கைக்கு நான் எங்க போறது? அப்படியே உட்டுட்டேன். சரின்னு எடுத்துக்கிச்சு."

"ஏனுங்க அத்தை இப்படிப் பண்ணுனீங்க?"

"நான் நின்ன எடத்துல நிக்காதவ சாமி. காலையில எந்திரிச்சா மாடு, தறி, வீடு, பட்டறைக்குச் சோறுன்னு பறந்துட்டே இருப்பேன். அவரு மெதுவான மனுசன். எல்லாத்துலயும் மெதுவு. இந்த நாடி விசயம் காதுல விழுந்ததும், ஓஹோ, நானா அவரைத் தின்னேன்னு… அன்னிக்குச் செய்யாததை இப்பவாச்சும் செய்யலாம்னு போட்டுக்கிட்டேன். தப்பா?"

பிரணவ் அம்மாவின் கையைத் தூக்கி வளையலின் கண்ணாடியைப் பார்த்தான். ஆரஞ்சுப் புள்ளி அடிமட்டத்துக்கு அருகில் இருந்தது. நீலப் புள்ளி அதற்கும் கீழே, கோட்டோடு கோடாக. வாழ்நாளெல்லாம் பம்பு வரைந்தவனுக்கு அது சட்டென்று புரிந்தது.

"நிரு, அப்பா பக்கம் பூஜ்யம். அம்மா நாடி அதுக்குக் கீழ போனாத்தான் இது நிக்கும். பூஜ்யத்துக்குக் கீழ எங்க போறது? தண்ணியில்லாத கிணத்துல மோட்டாரைப் போட்டு உட்ட மாதிரி இறைச்சுட்டே இருக்கு. நிக்கவே நிக்காது."

சொல்லிக்கொண்டே இரண்டு இலைகளையும் உரித்து எடுத்தான். சுகந்தி தடுக்கவில்லை. ஆனால் அவள் கண்ணோரம் நீர் இறங்கியது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வந்து நிரஞ்சனா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்ற மேல எனக்குக் கோவமில்ல கண்ணு" என்றாள் சுகந்தி, தேய்ந்த குரலில். "ஆனா நீ சொன்னது நெசம்னா, அவரு எதுக்குத்தான் போனாரு? இத்தனை நாளா காரணம்னு ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. இப்ப அதுவும் இல்லையே."

நிரஞ்சனா இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். அவள் கையை விடவில்லை.

மருத்துவமனையில், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிரமம் என்றார்கள். சுகந்தி தேறி வீட்டுக்கு வந்தபோது பங்குனி வெயில் தொடங்கியிருந்தது.

அதற்குள் ருக்சானா தனக்குத் தெரிந்ததை வீடியோவில் பேசிப் போட்டிருந்தாள். முதலில் திட்டினார்கள், பிறகு பரப்பினார்கள். பூஜ்யத்தைத் தேடி வடிந்துகொண்டிருந்த பெண்கள் இன்னும் பல ஊர்களில் இருந்தது தெரியவந்தது. எல்லோருமே கணவனை இழந்தவர்கள். வளையல் கேட்டதும் எல்லோருமே இறந்த கணவன் பெயரையே சொன்னவர்கள். நிறுவனம் சின்ன எழுத்தில் வருத்தம் தெரிவித்துவிட்டு, இடது கையையும் வலது கையையும் ஒப்பிடும் புதிய வளையலைப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்தது. 'சீனாக்காரன்தான் தப்பா எழுதியிருப்பான், நமக்கு எதுக்கு வம்பு' என்று பழையதையே போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

நிரஞ்சனா ஆபீஸ் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மைதானத்தில் நாற்காலியை மடக்கி வைத்த அன்று அவள் அடித்த முதல் ஸ்மாஷ் வலையிலேயே விழுந்தது. மாணவிகள் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பிரணவ் இப்போது தினமும் காலையில் அவளுடன் நடக்கப் போகிறான். அவன் பின்னால்தான் வருகிறான். அவள் காத்திருப்பதும் இல்லை, கோபம் முழுவதும் ஆறவும் இல்லை. ஆனால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறாள்.

ஒரு நாள் ருக்சானா சுகந்தியைப் பார்க்க வீட்டுக்கே வந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே அதே இடத்தில், இந்த முறை ஓட்டத்தின் பக்கமாகச் சாய்த்து ஊசி வைத்தாள். சுகந்தி முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறும்பு நடக்கற மாதிரி இருக்குதுங்களா அம்மா?"

"கனமா இருக்குது கண்ணு. நல்ல கனம்."

"அப்படித்தான் இருக்கணும்."

ருக்சானா அடுத்த காலுக்கும் ஊசி வைத்தாள். பிறகு சுகந்தி கேட்டாள்.

"அன்னிக்கு இவ ஏதோ சொன்னாளே. எந்தக் கை புருசன்?"

"இடதுங்கம்மா."

சுகந்தி தன் இடது கையை மடியில் மல்லாக்க வைத்தாள். வலது கையின் மூன்று விரல்களை அதன்மேல் வைத்தாள், ருக்சானா வைப்பதைப் பார்த்த ஞாபகத்தில். ருக்சானா அந்த விரல்களைச் சற்று நகர்த்திச் சரியான இடத்தில் வைத்தாள்.

"அழுத்தாதீங்க. சும்மா வெச்சிருங்க."

சுகந்தி வைத்திருந்தாள். சேலைத் தலைப்பு தோளிலிருந்து நழுவியதைக்கூட எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

"அடிக்குது" என்றாள்.

ருக்சானா எதையோ சொல்ல வாயெடுத்தாள். இரண்டு கையிலும் அடிப்பது ஒரே இதயம்தான் என்று சொல்ல நினைத்திருக்கலாம். வேண்டாம் என்று நிரஞ்சனா மெல்லத் தலையசைத்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

"மெதுவாத்தான் அடிக்குது" என்றாள் சுகந்தி. "அவரு எப்பவும் அப்படித்தான்."